வந்துகொண்டிருக்கும் பணம்

பழைய சாமான் விற்கும் ஆப்பில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "நான் ராணுவத்தில் இருக்கிறேன்" என்று பேச்சைத் தொடங்கினால், அவர் ராணுவத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் எந்த மூலையிலும் இது பொருந்தும். ஆவடியில் மட்டும் கொஞ்சம் இடிக்கும். இங்கே டீக்கடையில் நமக்கு முன்னால் நின்று பஜ்ஜியை ஊதிக்கொண்டிருப்பவர் ராணுவம். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர் விமானப்படை. மளிகைக்கடையில் சில்லறைக்குச் சண்டை போடுபவர் ரிசர்வ் போலீஸ். ஆவடியில் ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னால், பாவம், உண்மையிலேயே இருந்துவிடவும் கூடும்.

இந்தச் சிக்கல் ரேணுகாவைத் தவிர வேறு யாருக்கும் பெரிதாகப் பட்டதில்லை. அவளுக்குப் பட்டதற்குக் காரணம், அவள் பழைய சாமான் விற்றாள்.

ரேணுகா பிறந்தது ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே வெல்டர். கல்யாணமாகிப் போனது மூன்று தெரு தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு. கணவர் லட்சுமணன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். புகுந்த வீட்டில் முதல் நாள் இருட்டில்கூட அவளுக்குச் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருந்தது. பிறந்த வீட்டிலும் அது அங்கேதான் இருந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஹால், ஒரே ஜன்னல், சமையலறையில் ஒரே இடத்தில் ஒழுகும் ஒரே குழாய். நாற்பத்தைந்து வருஷம் இப்படி வாழ்ந்த ஒருத்திக்கு, மற்றவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள், அங்கே பீரோவை எங்கே வைப்பார்கள் என்ற கேள்வி வருவது இயற்கை. ரேணுகாவுக்கு அது கேள்வியாக இல்லை, பசியாக இருந்தது.

குவார்ட்டர்ஸில் ஓய்வு பெறுகிறவர்கள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். சொந்த ஊர் திருநெல்வேலியோ தருமபுரியோ, கட்டில் மேசை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. முன்பெல்லாம் பக்கத்து பிளாக்குக்காரர்கள் பேரம் பேசி வாங்கிவிடுவார்கள். இப்போது பக்கத்து பிளாக்கில் எல்லோரிடமும் எல்லாம் இருக்கிறது. எனவே ரேணுகா அவற்றைப் படம் பிடித்து ஆப்பில் போட்டாள். காட்டுப்பாக்கத்துக் கம்ப்யூட்டர்காரர்களும் மண்ணூர்பேட்டை வாடகை வீட்டுப் பையன்களும் வாங்கினார்கள். அவளுக்குச் சிறு பங்கு. அந்தப் பங்கைவிட, பொருளோடு கூடவே போய் இறக்கிவைக்கிற சாக்கில் அந்த வீடுகளைப் பார்ப்பதுதான் அவளுக்கு உண்மையான லாபம். பதினோராவது மாடியில் ஒரு வீட்டில் துணி காயப்போட இடமே இல்லை என்பதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வியாபாரத்தில் மண் விழுந்தது ஆக்னஸ் சிஸ்டரின் ஃப்ரிட்ஜில்.

ஆக்னஸ் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரேணுகாவின் வீட்டுக்கு நேர் கீழ்வீடு. ஊர் நாகர்கோவில். முப்பது வருஷத்துக்கு மேல் ஆவடியில் இருந்தும் பேச்சில் ஊரை விடவில்லை; குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர். ஓய்வு பெற்றதும் முதலில் ஃப்ரிட்ஜை விற்றுத் தரச் சொன்னார்.

ஆப்பில் போட்ட சற்று நேரத்தில் ஒரு ராணுவ அதிகாரி வந்தார். விலை கேட்கவில்லை, குறைக்கவில்லை. அடையாள அட்டையை அனுப்பினார். ராணுவக் கேன்டீன் கார்டை அனுப்பினார். யூனிஃபார்மில் மரத்தடியில் நிற்கும் படத்தையும் அனுப்பினார். வேறு ஊர்க்காரர்களுக்கு இவை வெறும் படங்கள். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு கேன்டீன் கார்டு என்பது சொந்தக்காரர் முகம் மாதிரி. இருந்தாலும் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஆர்மி ஆளா? கண்ண மூடிக்கினு குடு," என்றார் லட்சுமணன். இதைச் சொன்னதாக அவருக்குப் பிறகு நினைவில்லை.

பணம் செலுத்தியாகிவிட்டது என்று வங்கி அனுப்புவதைப் போலவே ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரேணுகா ஜன்னலைத் திறந்து கீழ்வீட்டைப் பார்த்து, "சிஸ்டர், பணம் வந்துடுச்சு!" என்று கத்தினாள். பிளாக்கே கேட்டது. அதை உறுதி செய்ய ஒரு க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடிக்கச் சொன்னார் அதிகாரி. அடித்தாள். வரவேண்டிய பணம் வரவில்லை. இருந்த பணம் போனது. ஃப்ரிட்ஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து வந்தது புகார்ப் படலம். ஆப்பின் உதவி எண்ணில் ஒரு பெண் குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினால் இந்தியில் வரவேற்றது. உரையாடல் பெட்டியில் எழுதிக் கேட்டால், "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று பதில் வந்தது. எந்தச் சிரமம் என்று ரேணுகா உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்றது மறுபடியும். போலீசில் புகாருக்கு எண் கொடுத்தார்கள். எண் இருக்கிறது. பணம் இல்லை.

லட்சுமணன் கூச்சல் போடவில்லை. ஆக்னஸ் சிஸ்டரை வைத்துக்கொண்டு ஒரே வாக்கியம் சொன்னார். "இன்னொரு வாட்டி இந்த மாதிரி எதுனா ஆச்சு, அன்னையோட இந்தக் கடைய மூடிடணும். சிஸ்டர்தான் சாட்சி."

ரேணுகா சரி என்றாள். கடை என்று அவர் சொன்னது நாலு விரல் அகலத்துக்கு ஒரு செல்போனை. ஆனால் அதை மூடினால் அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே மாதிரியான ஜன்னல்கள்.

ஃப்ரிட்ஜ் பிறகு கான்ட்ராக்டர் ஒருவருக்குக் கைப்பணத்துக்குப் போனது. மிஞ்சியது வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த நல்ல மெஷின். சிஸ்டர் அதை நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டவர். திங்கட்கிழமை காலை வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், சாயங்காலம் ரயில். அதற்குள் மெஷின் போயாக வேண்டும்.

"நீயே வித்துக் குடு மக்ளே," என்றார் சிஸ்டர்.

"நானா சிஸ்டர்? போன தடவை அவ்ளோ ஆச்சே?"

"ஒருக்கா தப்பா ஊசி போட்ட நர்ஸு ரெண்டாவது தப்பாப் போட மாட்டா. நான் பாத்திருக்கேன்."

இதில் எவ்வளவு மருத்துவ உண்மை என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே மெஷின் ஆப்பில் ஏறிவிட்டது.

முதலில் வந்தவர்கள் வழக்கமானவர்கள். "இருக்கா?" என்று கேட்டு, இருக்கிறது என்றதும் காணாமல் போகிறவர்கள். "கடைசி விலை என்ன?" என்பவர்கள். பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டித் தரச் சொன்ன ஒருவர்.

அப்புறம் ராணுவ அதிகாரி வந்தார். வேறு பெயர், அதே மரத்தடி.

"வணக்கம் அன்பான மேடம். நான் இராணுவ அதிகாரி. தங்கள் சலவை இயந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது," என்று எழுதியிருந்தார். கேட்பதற்கு முன்பே அட்டைகள் வரிசையாக வந்து விழுந்தன. ரேணுகாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆவல்தான். இத்தனை நாளாக இவரிடம் பேசத்தானே காத்திருந்தோம் என்பது போலச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க டியூட்டி சார்?" என்று எழுதினாள்.

"ஆவடி விமான நிலையத்தில் பணியில் உள்ளேன் மேடம்." ஆவடியில் பயணிகள் விமான நிலையமே கிடையாது.

"அப்படியா! அங்கேர்ந்து எந்தெந்த ஊருக்கு பிளேன் போகுது? மதுரைக்கு உண்டா?"

"ஆம் மேடம். தயவுசெய்து ஸ்கேன் செய்யவும்."

"சாப்டீங்களா?"

"ஆம் மேடம். முதலில் ஒரு ரூபாய் வரும்."

"எங்க தூங்குவீங்க? எத்தனை பேரு ஒரு ரூம்ல? இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட பேசுவீங்க?"

"மேடம், நீங்கள் என் நேரத்தை வீணாக்குகிறீர்கள்," என்று எழுதிவிட்டு அவர் அவளைத் தடை செய்துவிட்டார். மோசடிக்காரருக்கு மனம் புண்பட்டிருந்தது. ரேணுகாவுக்கும் ஒரு வருத்தம்: கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமலே போய்விட்டது.

மறுநாள் இன்னொருவர் ஃபோன் செய்தார். பெயர் தமிழரசு. ஊர் தருமபுரிப் பக்கம். குரலில் ஒரு தயக்கம்.

"நான் ஆர்மிங்க," என்றார்.

ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்படியா தம்பி. ஐடி கார்டு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

"அதெல்லாம் அனுப்பக் கூடாதுங்க."

"கேன்டீன் கார்டு?"

"அதுவும் கூடாதுங்க. வேணும்னா மெஷினு வேணாம், விடுங்க."

ரேணுகா கண்ணைத் திறந்தாள். அட்டையைக் கண்டபடி படம் எடுத்து அனுப்பக் கூடாது என்பது உண்மையானவனுக்குத் தெரியும். அனுப்புகிறவன் பொய்; மறுப்பவன் நிஜம். வேறெந்த வியாபாரத்திலாவது இப்படி ஆதாரம் தர மறுக்கிறவனை நம்புவார்களா என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"குவார்ட்டர்ஸ் எங்க தம்பி? டைப் எத்தனை?"

"இன்னும் குவார்ட்டர்ஸ் கெடைக்கலீங்க. லிஸ்ட்டுல இருக்குது. சேக்காட்டுல வாடகைக்கு இருக்கறோம்."

இது கொஞ்சம் சறுக்கியது. குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொல்லியிருந்தால் யார் யாரிடமோ கேட்டு அவர் சரித்திரத்தையே எடுத்திருப்பாள். சேக்காட்டு வாடகை வீட்டில் யாரும் இருக்கலாம்.

"சரி, நேர்ல வந்து பாருங்க," என்றாள். "அட்வான்ஸ் ஒண்ணும் வேணாம்."

"நானும் அட்வான்ஸ் குடுக்கறதில்லீங்க," என்றார் தமிழரசு. "போன வருசம் ஒரு பைக்குக்குக் குடுத்து ஏமாந்துட்டேன். வித்தவன் ஆர்மின்னு சொன்னான்."

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒட்ட வெட்டிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, முப்பது வயதிருக்கும். கூடவே முகமது ஆசிக்கின் குட்டி யானை சரக்கு வண்டி. ரேணுகாவின் சாமான்களை எல்லாம் ஏற்றி இறக்குவது ஆசிக்தான். ஊர் பூராவும் ஆள்தெரிந்தவன், பொறுமை மட்டும் கிடையாது.

தமிழரசு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். ஓட்டிக் காட்ட முடியாது. சிஸ்டர் வீட்டில் குழாய் இணைப்பை ஏற்கனவே கழற்றியாகிவிட்டது. "வீட்ல போய் ஓட்டிப் பாத்துடலாம். ஓடலேன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்," என்றாள் ரேணுகா. எப்போதும் சொல்வதுதான். அவர் தலையசைத்து, ஃபோனை எடுத்து, அவள் எண்ணுக்குப் பணம் அனுப்பினார்.

அவருடைய ஃபோனில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வருவதற்காகச் சுற்ற ஆரம்பித்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்று, "உங்கள் பணம் வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதியது. யாருக்கு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாக வங்கி சொன்னது. இவள் கணக்கில் ஒன்றும் இல்லை.

"என் ஃபோன்ல போயிடுச்சுங்கக்கா," என்று காட்டினார்.

"என் ஃபோன்ல வரல தம்பி," என்று இவளும் காட்டினாள்.

இரண்டு ஃபோன்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்கள். இரண்டும் உண்மை சொல்வதாகவே தெரிந்தது. பணம் போன மாதிரி படம் காட்டும் பொய் ஆப்கள் உண்டு என்று ரேணுகாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது தமிழரசுவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் காது சிவந்தது.

"வேற பணம் அனுப்பலாம்னா அந்த அக்கவுன்ட்ல அவ்வளவுதாங்க இருந்துச்சு. மாசக் கடைசி."

ஆசிக் வாசலில் ஹாரன் அடித்தான். "இன்னாக்கா, ஏத்தறதா வாணாமா? நின்னுகினு கீறேன். அம்பத்தூர்ல ஒரு லோடு வெயிட்டிங்கு."

"இருடா, பணம் வந்துகினு இருக்குதாம்."

"எங்கேர்ந்து நடந்து வருதா?"

சிஸ்டர் கட்டியிருந்த அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம் மக்ளே. பொருள் என்னுது, கடை உன்னுது," என்றார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

மெஷினைக் கொடுத்து, பணம் வராமல் போனால் கடை மூடப்படும். கொடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பினால், ஆவடியில் ஒரு நிஜ ராணுவ வீரரை முகத்துக்கு நேரே திருடன் என்று சொன்னதாகும். தவிர, திங்கட்கிழமைக்குள் வேறு ஆள் கிடைக்கவும் மாட்டான். ரேணுகா முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"ஏத்துடா ஆசிக்கு. நானும் வர்றேன்."

"எப்பவும் வர்றதுதானே?"

"இந்தத் தடவை பணம் வர்ற வரைக்கும் மெஷினோட இருப்பேன்."

தமிழரசுவுக்கு இது அவமானமா மரியாதையா என்று உடனே பிடிபடவில்லை. "வாங்கக்கா, காப்பி சாப்பிட்ட மாதிரியும் இருக்கும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். ரேணுகா ஆசிக்குக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக முன்னால் போகும் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைக் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இவர்களுக்காகக் காத்திருந்தது. திருடன் காத்திருப்பானா? திட்டம் தெரிந்தவன் காத்திருப்பான், என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சேக்காட்டு வீடு முதல் மாடி. நுழைந்ததும் ரேணுகா சுவிட்சைத் தேடினாள். அது கதவுக்கு மறுபக்கம் இருந்தது. ஹாலில் ஒரு பாய், இரும்புப் பெட்டிகள் இரண்டு, சுவரில் சாய்த்த மடக்கு நாற்காலி. தமிழரசுவின் மனைவி பவ்யா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"காசு இன்னும் அக்காவுக்கு வரலியாம். அது வர்ற வரைக்கும் அக்கா இங்க இருப்பாங்க," என்றார் தமிழரசு, தூரத்துச் சொந்தத்தை அறிமுகப்படுத்துவது போல.

"இருங்கக்கா," என்றாள் பவ்யா. "எங்க வீட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்."

ஆசிக்கும் தமிழரசுவும் மெஷினைக் குளியலறைக்குப் பக்கத்தில் நிறுத்திக் குழாயை மாட்டினார்கள். ஆசிக் கூலியை வாங்கிக்கொண்டு, "அண்ணாத்தே, துட்டு வரலன்னா அக்கா இங்கயே ராத்திரி சாப்பாட்டுக்கு நிக்கும், பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

இங்கேதான் ரேணுகா தன் தொழில் ஒழுங்கினாலேயே மாட்டிக்கொண்டாள். விற்ற எதையும் வாங்கியவர் கண்ணெதிரில் ஓட்டிக் காட்டாமல் வருவதில்லை. பிற்பாடு ஓடவில்லை என்ற பேச்சு வரக்கூடாது. "துணி இருந்தா போட்டு ஓட்டுங்க, பாத்துடலாம்," என்றாள். பவ்யா வாளியில் ஊறிய துணிகளை அள்ளிப் போட்டு, இருந்ததிலேயே நீளமான ஓட்டத்தை அழுத்திவிட்டாள். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. இந்த வகை மெஷினில் ஓட்டம் முடியாமல் கதவு திறக்காது.

இப்போது பணம் ஆப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தது; துணி மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எதையும் யாரும் வெளியே எடுக்க முடியாது. மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

ரேணுகா கேட்க ஆரம்பித்தாள். இதற்கு முன்னால் எந்த ஊர்? அங்கே வீடு எப்படி? பனியில் தண்ணீர் உறைந்துபோனால் எப்படித் துவைப்பீர்கள்? பவ்யாவும் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். போகிற இடத்தில் பழசாக வாங்குவது, கிளம்பும்போது விற்பது. "எங்ககிட்ட புதுசா வாங்கினது இவன் மட்டும்தான்," என்று குழந்தையைக் காட்டினாள்.

நடுநடுவே தமிழரசு உதவிப் பெட்டியில் எழுதிப் பார்த்தார். "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று வந்தது.

"இது எனக்குத் தெரிஞ்சவங்கதான்," என்றாள் ரேணுகா.

லட்சுமணன் ஷிஃப்ட் முடிந்து வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, கீழ்வீட்டில் விசாரித்து, ஃபோன் செய்தார்.

"எங்க கீற?"

"சேக்காட்டுல. மெஷின் வாங்கினவர் வீட்ல."

"அங்க இன்னா பண்ற?"

"பணத்துக்காக உக்காந்துகினு இருக்கேன்."

வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு ஃபோனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். லட்சுமணன் மேலே வந்தார். பாயில் உட்காரவில்லை. தமிழரசு எழுந்து நின்றார்; அவருக்கு நிற்பது பழக்கம். அந்த நேரம் பார்த்துதான் தமிழரசுவின் ஃபோன் பேசியது: பணம் செலுத்துவது தோல்வி. சில வேலை நாட்களில் அவருடைய கணக்குக்கே திரும்பும்.

"தோல்வி," என்று லட்சுமணன் வாய்விட்டுப் படித்தார். "சரியாப் போச்சு. போன வாட்டி ஃப்ரிட்ஜாவது ஊட்ல இருந்துச்சு. எடு மெஷின, போலாம்."

"தொறக்காதுங்க," என்றாள் ரேணுகா. "துணி ஓடிகினு இருக்கு."

லட்சுமணன் குனிந்து வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரேணுகாவும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். நுரைக்குள் குழந்தையின் போர்வை வந்து போனது. பின்னாலேயே பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு சட்டை கையை விரித்து வந்து, கண்ணாடியில் ஒட்டி, மார்பில் தைத்த பெயரைக் காட்டிவிட்டுப் போனது. இன்னொரு சுற்றில் மறுபடியும் காட்டியது. அனுப்பக் கூடாது என்று தமிழரசு பிடிவாதம் பிடித்ததை மெஷின் சுற்றிச் சுற்றி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"யூனிஃபார்ம்," என்றாள் ரேணுகா.

"அதான் நம்ம பஸ் ஸ்டாண்டாண்டயே தொங்குதே. எவன் வேணா வாங்கலாம்," என்றார் லட்சுமணன். தப்பு சொல்லவில்லை.

"வாங்கலாம். போட்டுகினு மரத்தடியில ஃபோட்டோ எடுத்துக்கலாம்," என்றாள் ரேணுகா. "துவைப்பானா? வேஷம் போடுறவன் அத எதுக்குங்க துவைக்கணும்?"

பவ்யா சிரித்துவிட்டாள். "காலர்ல பாருங்கண்ணா, எவ்வளவு தேச்சாலும் போகல," என்றாள். அதைப் புகாராகத்தான் சொன்னாள்.

லட்சுமணன் காலரைப் பார்க்கக் காத்திருந்தார். காலர் வந்தது. இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலைக்கு நீலச் சட்டை போட்டுப் போகிறவருக்கு அந்த அழுக்கு என்ன அழுக்கு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"ஆளு நெஜம்தான். துட்டு நெஜமா?"

"ஆளு நெஜம்னா போதும். துட்டு எப்பவும் அப்படித்தான்," என்றாள் ரேணுகா. தமிழரசுவிடம் திரும்பினாள். "தம்பி, மெஷின் இங்கயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் அனுப்புங்க. நான் கெளம்பறேன்."

தமிழரசு கீழே வரை வந்து ஸ்கூட்டரைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திக் கொடுத்தார்.

பணம் அடுத்த வாரம் வந்தது, சிஸ்டர் கணக்குக்கே நேராக. அதை இங்கேயே சொல்லிவிடலாம். ஏனென்றால் ரேணுகாவின் கவலை அதுவாக இல்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இருந்த கவலை, சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்பது. சாட்சி அவர்தான். லட்சுமணன் வழியெல்லாம் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தால் வாக்கியம் தயாராகிறது என்று அர்த்தம்.

சிஸ்டர் வாசலிலேயே நின்றார். "பணம் வந்துட்டா?"

"வரல சிஸ்டர்," என்றாள் ரேணுகா. "திரும்பி அவர் கணக்குக்கே போகுமாம், நாலஞ்சு நாள் ஆகுமாம். நான் மெஷின விட்டுட்டு வந்துட்டேன்."

"இன்னையோட கடைய..." என்று லட்சுமணன் தொடங்கினார்.

"ஓய், இரியும்," என்றார் சிஸ்டர். "போன தரம் வராத பணத்த வந்துட்டுன்னு பிளாக்கு கேக்கக் கத்தினா. இந்தத் தரம் வரலேன்னு எம் மொகத்துக்கு நேரா வந்து சொல்லுதா. இப்பதான் பிள்ளைக்குத் தொழில் பிடிபட்டிருக்கு. இப்பப் போயா மூடச் சொல்லுதீரு?"

பிறகு தமிழரசுவின் எண்ணை வாங்கி அவரை அழைத்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இடது பக்கம் இருக்கும் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும், ஓட்டம் முடிந்ததும் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும், சோப்புத்தூளை அள்ளிப் போடக்கூடாது என்று மருந்து எழுதித் தருவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டது. வைத்துவிட்டு ஹாலுக்குள் வந்து மேலே அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஹால் ஃபேனு நான் வாங்கி மாட்டினது. இது ரயில்ல வராது. இதையும் வித்துரு மக்ளே."

ரேணுகா கணவரைப் பார்த்தாள். லட்சுமணன் ஃபேனைப் பார்த்தார். ஃபிட்டருக்கு ஒரு ஃபேன் தலைக்கு மேல் தொங்கினால், அதை யார் கழற்றுவது என்ற கேள்வியே எழாது. முக்காலியை இழுத்துப் போட்டு, சுவிட்சை அணைத்து, ஏறினார். இறக்கையைக் கையால் தட்டிச் சுற்றவிட்டுப் பார்த்தார்.

"பேரிங் லேசா சத்தம் போடுது," என்றார். "இத ஆப்ல இன்னான்னு எழுதுவ?"

"லேசா சத்தம் வரும்னு எழுதுவேன்."

"அத எழுதினா எவன் வாங்குவான்?"

"அதான் எனக்கும் தெரியல," என்றாள் ரேணுகா, முக்காலியைப் பிடித்துக்கொண்டு. "யாரு வர்றாங்கன்னு பாக்கலாமே."